எந்தத் தேதிக்குள்?

இன்று சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெறும் அன்புப் பிள்ளைகளே,

இந்த அரங்கில் இருக்கும் பெற்றோர் பலர் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பெங்களூரை அடுத்த இந்த ஹெப்பகோடியின் லைன் வீடுகளில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள். அவர்களுக்கும் புரிய வேண்டும், தமிழிலேயே பேசுங்கள் என்று கல்லூரி முதல்வர் கேட்டுக்கொண்டார். அதைவிட எனக்கு என்ன மகிழ்ச்சி?

நான் பேச வந்த விஷயம் பார்வைக்குச் சிறியது. தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆவதற்குள் உங்களில் பாதிப்பேரிடம் ஒரு வேலையைக் கொடுப்பார்கள். நிதி கேட்டுப் புரபோசல் எழுத வேண்டும். மக்களோடு இருக்க ஆசைப்பட்டு இந்தப் படிப்புக்கு வந்தவர்களுக்கு அது மேசை வேலையாகத் தெரியும். பன்னிரண்டு ஆண்டுகள் புரபோசல் எழுதியிருக்கிறேன்; அதன்பின் எட்டு ஆண்டுகளாகப் பிறர் எழுதியதைப் படித்து, யாருக்குப் பணம் போகலாம் என்று பரிந்துரைக்கும் இடத்தில் இருக்கிறேன். நல்ல வேலைக்குப் பணம் வராமல் போனதையும், வந்த பணம் பயன்படாத நேரத்தில் வந்ததையும் பார்த்தவள் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன்.

என் முதல் புரபோசல் கட்டடத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கானது. பள்ளியிலிருந்து நின்றுபோன பிள்ளைகளை ஏப்ரல், மே விடுமுறையில் இணைப்பு வகுப்பில் உட்காரவைத்து, பள்ளி திறக்கும்போது வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பது திட்டம். முதல் பக்கத்திலேயே ‘மிக அவசரம்’, ‘உடனடித் தலையீடு’, ‘இனியும் தாமதிக்க முடியாது’ என்று எழுதி நிரப்பினேன். சில நாளில் நிதி கொடுக்கும் அமைப்பிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அம்மா, இந்த வாரம் என் மேசைக்கு வந்த அத்தனை பேரும் அவசரம்னுதான் எழுதியிருக்காங்க. உங்களுக்குப் பணம் எந்தத் தேதிக்குள்ள வேணும்? அந்தத் தேதி தாண்டிட்டா யாருக்கு என்ன ஆகும்?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதுதான் உண்மை.

அன்று மாலையே எங்கள் களப்பணியாளர் அக்காவின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. பிள்ளையின் பெயர், வயது, சொந்த ஊர், கடைசியாகப் படித்த வகுப்பு. ஓரத்தில் அக்கா பென்சிலால் எழுதிய குறிப்பு. ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் பெயருக்கு நேரே, “தங்கச்சியப் பாத்துக்கிறா. ஜூன்ல அம்மா இவளையும் வேலைக்குக் கூட்டிட்டுப் போறதா சொல்றாங்க” என்று இருந்தது. கல்வி உரிமைச் சட்டப்படி ஒரு குழந்தையை ஆண்டின் எந்த மாதத்திலும் பள்ளியில் சேர்க்கலாம். ஆனால் அந்த வீட்டில் முடிவு எடுக்கப்படும் மாதம் ஜூன். பணம் ஆகஸ்டில் வந்திருந்தால் வகுப்பறையும் ஆசிரியரும் கிடைத்திருப்பார்கள். அந்தப் பெண் மட்டும் இருந்திருக்க மாட்டாள். நான் எழுதிய எட்டுப் பக்கத்தில் இல்லாத அவசரம் அந்தப் பென்சில் குறிப்பில் இருந்தது.

தேதியோடு வரும் அவசரம் எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல பாடம் பக்கத்து பொம்மசந்திராவிலேயே இருக்கிறது. அங்குள்ள நாராயணா ஹெல்த் சிட்டி வளாகத்தில் நாராயண நேத்ராலயா கண் மருத்துவமனைக்கும் ஒரு கிளை உண்டு. அந்த மருத்துவமனை 2008-ல் டாக்டர் ஆனந்த் வினேகர் தலைமையில் தொடங்கிய திட்டம் கிட்ராப். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையைக் காப்பாற்றும் திட்டம். கண்ணின் உள்ளே விழித்திரை ரத்தக் குழாய்கள் கர்ப்பம் ஏறக்குறைய பத்து மாதம் நிறையும்போதுதான் வளர்ந்து முடிகின்றன. முன்னதாகவே பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நிற்கிறது. பிறகு சில குழந்தைகளுக்குக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடுகின்றன. பிய்ந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் பார்வை இல்லை.

கொடுமை என்னவென்றால், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. குழந்தை பால் குடிக்கிறது, எடை கூடுகிறது, ‘பிழைச்சிடுச்சு’ என்று மகிழ்ச்சியோடு வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். நோய் முற்றுவது அந்த நாட்களில்தான். அதனால் நம் நாட்டு மருத்துவ வழிகாட்டுதல், 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு, 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும் என்கிறது. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாக. சிகிச்சை தேவை என்று தெரிந்துவிட்டால் லேசர் செய்ய இருப்பது இரண்டு மூன்று நாள். இதைப் பார்க்கத் தெரிந்த நிபுணர்களோ மிகக் குறைவு. ஆகவே கிட்ராப் பணியாளர்கள் ரெட்கேம் என்ற கேமராவை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாவட்ட மருத்துவமனைகளுக்குப் போனார்கள். படம் பிடித்து பெங்களூரில் இருக்கும் நிபுணருக்கு இணையம் வழியாக அனுப்பினார்கள். பிறகு அரசின் ஊரக சுகாதார இயக்கமும் இதில் கைகோத்தது.

இப்படி ஒரு கேமரா வாங்க நீங்கள் நிதி கேட்கிறீர்கள் என்று வையுங்கள். ‘பிஞ்சுகளின் எதிர்காலம் இருளில் மூழ்குகிறது’ என்று எழுத வேண்டிய தேவையே இல்லை. இந்த மாவட்ட மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் சென்ற ஆண்டு 2,000 கிராமுக்குக் குறைவாகச் சேர்ந்த குழந்தைகள் இத்தனை பேர். 30 நாளுக்குள் கண் பார்க்கப்பட்டவர்கள் இத்தனை பேர். இந்த இரண்டு எண்ணையும் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நடுவில் இருக்கும் இடைவெளியைப் படிக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

நிதி கேட்பதில் இன்னொரு பாடமும் உண்டு. வெளியே ஓடும் ஓசூர் ரோட்டைப் பிடித்து கிருஷ்ணகிரி போய், அங்கே சென்னை சாலையில் திரும்பினால் வேலூர் வரும். அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்குப் போகாத குடும்பம் இந்தப் பகுதியில் குறைவு. அது தொடங்கிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐடா ஸ்கட்டர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தாய் தந்தையோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியைக் காப்பாற்ற வரும்படி அவரை அழைத்தார்கள். அவருடைய தந்தை மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-ல் பட்டம் பெற்றார். இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் முன் பெண்கள் மருத்துவமனைக்காக 8,000 டாலர் திரட்ட வேண்டியிருந்தது. நியூயார்க்கின் ஷெல் என்ற வங்கியாளர், மறைந்த தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளோடு எழுந்தது.

ஐடா கையில் இருந்தது ஓர் இரவும், மூன்று மரணமும், ஒரு காரணமும். பெண் மருத்துவர் ஒருவர் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். கேட்கிறவருக்கு, பணம் கொடுத்தால் எது மாறும் என்பது அந்த நிமிடமே விளங்கிவிடுகிறது.

பிள்ளைகளே, இன்னொரு அவசரமும் உண்டு. அது நிதியாண்டு முடியும் மார்ச்சை ஒட்டி வரும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. பொம்மசந்திராத் தொழிற்பேட்டையும் எலெக்ட்ரானிக் சிட்டியும் சூழ்ந்த ஹெப்பகோடிக்கு இது பெரிய வாய்ப்பு. 2021-ல் வந்த திருத்தத்துக்குப் பின், செலவழிக்காத தொகையை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே பிப்ரவரிக் கடைசியில், ‘பத்து நாளில் ஒரு புரபோசல் கொடுங்கள்’ என்று அழைப்பு வரும். கொடுங்கள், தவறில்லை. ஆனால் அது கணக்கு முடிக்கும் அவசரம். அதை மக்களின் அவசரமாக மாற்றி எழுதாதீர்கள். உங்கள் நிறுவனத்தில் ஜூலையோடு சம்பளப் பணம் தீர்கிறது என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். களப்பணியாளர் போய்விட்டால் வேலை நின்றுபோகும் என்பது மறைக்க வேண்டிய விஷயம் அல்லவே. குழந்தையின் கண்ணீரை அதற்கு முன்னால் நிறுத்துவதுதான் தவறு.

அழும் குழந்தையின் படத்தை அட்டையில் போடுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அந்தக் குழந்தை நாளை உங்களைப் போல இப்படி ஓர் அரங்கில் பட்டம் வாங்க உட்கார்ந்திருக்கலாம். தன் படத்தை அங்கே பார்க்க நேர்ந்தால் அது என்ன நினைக்கும்?

எல்லாமே அவசரம் என்பதும் உண்மை அல்ல. நம் ஹெப்பகோடி ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். கழிவு கலந்து கெட்டுப்போன நீரை மீட்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டியது. ஆண்டுக்கணக்காகும் என்றே சொல்லிக் கேளுங்கள். பொறுமையாகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குள்ளும் ஒரு தேதி இருக்கும். தூர் வாருவதென்றால் மழை பிடிப்பதற்குள் வாரி முடிக்க வேண்டும். அந்த ஒரு தவணை மட்டும் எப்போது கைக்கு வர வேண்டும் என்று தனியாக எழுதுங்கள். மற்ற இடங்களில் நீங்கள் அவசரம் என்று சொல்லாததால், இங்கே சொல்வதை நம்புவார்கள்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த ஊரின் ஒரு லைன் வீட்டு வாசலில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் கேட்கும். நீங்கள் எழுதும் முதல் புரபோசலை அனுப்புவதற்கு முன், அது யாருக்காக எழுதப்பட்டதோ அந்த வீட்டுக்குப் போங்கள். முதல் பக்கத்தை மட்டும் அவர்கள் மொழியில் படித்துக் காட்டுங்கள். “அதெல்லாம் இல்லம்மா, எங்களுக்குக் கஷ்டம் அது இல்ல” என்று அந்த அம்மா சொன்னால், உட்கார்ந்து கேட்டுத் திருத்தி எழுதுங்கள். “ஆமா, ஜூனுக்குள்ள நடந்தாத்தான் உண்டு” என்று சொன்னால் அன்றே அனுப்புங்கள். அப்படி எழுதியதை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், கட்டாயம் படிப்பேன்.

பட்டம் பெறும் உங்கள் அனைவருக்கும், உங்களைப் படிக்க வைத்த பெற்றோருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.