உரிமை ஆளுக்கன்று, பொறுப்புக்கே



புலம்பெயர் நாடுகளில் நம் இளையோர் பலர் வணிக நிறுவனங்களின் கணினிப் பிரிவுகளில் பணியாற்றுகின்றனர். அவர்களிடம் ஒப்படைக்கப்படும் வேலைகளுள், எளிதாகத் தோன்றிப் பெருந்தீங்கு விளைவிக்கவல்ல ஒன்றைப் பற்றியே பேச விழைகின்றேன். பயனர் பலருக்கு ஒரே நேரத்தில் அனுமதிகளை வழங்குதலே அது.

எஸ்ஏபி போன்ற வணிக மென்பொருள்களில், பட்டியலில் உள்ள அனைவருக்கும் ஒருசேர அனுமதி அளிக்கும் வசதி உண்டு. அவசரத்தில் பலர் செய்வது யாதெனில், பழைய ஊழியர் ஒருவரின் அனுமதிகளை அப்படியே படியெடுத்துப் புதியவர்களுக்கு வழங்கிவிடுவதாகும். அவரோ மூன்று பிரிவுகளில் பணிபுரிந்து, மூன்றின் அனுமதிகளையும் இன்னும் வைத்திருப்பவராக இருக்கலாம். அவரது மிகை உரிமை நொடிப்பொழுதில் ஐம்பது பேருக்குப் பரவிவிடும்.

ஒருவர் கையில் இரு பொறுப்புகள் சேர்வதன் விளைவை வரலாறு காட்டியுள்ளது. 1762இல் இலண்டனில் தோன்றிய பேரிங்ஸ் வங்கி 1995இல் வீழ்ந்தது. அதன் சிங்கப்பூர் நிறுவனத்தில் நிக் லீசன் என்பவர் சந்தை வணிகத்தையும், அவ்வணிகத்தின் கணக்குகளைத் தீர்க்கும் பிரிவையும் ஒருங்கே கவனித்தார். ஆகவே நட்டத்தை மறைக்க அவரால் இயன்றது. இழப்பு 827 மில்லியன் பவுண்டுகள்.

இதற்குத் தீர்வு என்ன? 1992இல் அமெரிக்க ஆய்வாளர்களான டேவிட் ஃபெரையோலோ, ரிச்சர்ட் கூன் ஆகியோர் பொறுப்புவழி அனுமதி முறையை வகுத்துரைத்தனர். 2004இல் அது அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டது. இதன்படி அனுமதி பொறுப்புக்கே உரியது. ஆள் அப்பொறுப்பில் சேரும்போது அனுமதி கிட்டும், விலகும்போது நீங்கும்.

எனவே இளையோரே, முதலில் பொறுப்புகளை வரையறுங்கள். விநியோகத்தரைப் பதிவுசெய்யும் உரிமையையும் அவருக்குப் பணம் செலுத்தும் உரிமையையும் ஒருவரிடமே சேர்க்காதீர்கள். மாற்றத்துக்கு முந்தைய நிலையைப் பதிந்து வையுங்கள். இருவர் மூவரிடம் சோதித்த பின்னரே அனைவருக்கும் வழங்குங்கள்.

பெற்றோரே, இது அலுவலகத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் தமிழ்ப் பள்ளிகளும் சங்கங்களும் பிள்ளைகளின் பெயர், முகவரி, பிறந்த நாள் முதலியவற்றைக் கணினியில் பேணுகின்றன. நிர்வாகக் குழு மாறும்போது சாவிக்கொத்தைக் கேட்டு வாங்குகிறோம். முன்னைய குழுவினரின் கணினி அனுமதியை நீக்குகிறோமா? நாளையே உங்கள் பள்ளி நிர்வாகத்திடம் இவ்வினாவை எழுப்புங்கள்.