மோட்டார் வண்டியின் வெப்பக் காவலன்



இயந்திரம் எவ்வளவு குளிர்ச்சியாக ஓடுகின்றதோ அவ்வளவு நல்லது என்றோர் எண்ணம் மோட்டார் வண்டி வைத்திருப்போர் பலரிடம் உண்டு. வண்டி ஒருமுறை கொதித்துவிட்டால் உள்ளேயிருக்கும் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, "இது குளிர்நாட்டாருக்கு வேண்டியது, நமக்கேன்?" என்று சொல்லிவிடுவார்கள். இந்த வைத்தியத்தைச் செய்துகொடுக்கும் தொழிலாளரும் இல்லாமலில்லை. இது தவறு என்பதையும், பழுதுற்ற தேர்மோஸ்ரற்றையும் அதன் இறப்பர் வளையத்தையும் வீட்டிலேயே மாற்றும் வகையையும் இன்று கூற விரும்புகின்றேன். 2020ஆம் ஆண்டு தொடங்கி 2025 வரை தனியார் கார் இறக்குமதி நின்றிருந்த நாடு நமது நாடு. இங்கே பழைய இயந்திரத்தைப் பேணுவது சிறு காரியமன்று.

தேர்மோஸ்ரற் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வால்வு. அதன் நடுவிலுள்ள சிறு குப்பிக்குள் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். சுற்றியுள்ள நீர் சூடேற, மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். நீர் றேடியேற்றருக்குப் பாயும். நீர் ஆறினால் சுருள்வில் அதனை மீண்டும் மூடிவிடும். திறக்கும் வெப்பநிலை வண்டிக்கு வண்டி வேறுபடினும், 82 பாகை செல்சியஸ் என்பது பரவலாகக் காணப்படும் அளவு. கொழும்பில் நடுப்பகல் வெப்பம் 32 பாகையென்று கொண்டாலும், இன்னும் ஐம்பது பாகை ஏறவேண்டியிருக்கிறதல்லவா? அந்த ஏற்றத்தை விரைவில் முடிப்பதே இக்காவலனின் தொழில். அது இல்லாத இயந்திரம் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். எரிபொருள் வீணாகும், எண்ணெயில் பெற்றோலும் நீரும் கலக்கும், உள்ளுறுப்புகள் தேயும். வேடிக்கை என்னவெனில், சில இயந்திரங்களில் சூடேறியதும் பக்கவழியை அடைப்பதும் இதே வால்வுதான். அதைக் கழற்றிவிட்டால் நீரின் ஒரு பகுதி றேடியேற்றரை எட்டாமலே சுற்றிவரும். கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டி முன்னிலும் விரைவாகக் கொதிக்கும்.

வேலையை இயந்திரம் முற்றாக ஆறிய பின்னரே தொடங்குங்கள். அழுத்தத்திற்குட்பட்ட நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாதிருக்கும். மூடியைத் திறந்த கணமே பொங்கியெழுந்து முகத்தை வேகச்செய்துவிடும். ஆறியதும் நீரில் ஒரு பகுதியைச் சுத்தமான பாத்திரத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். குளிர்திரவம் இனிக்கும் நஞ்சு. குழந்தைகளும் நாய் பூனைகளும் அணுகாத இடத்தில் வையுங்கள்.

றேடியேற்றரின் குழாய் இயந்திரத்தைச் சேருமிடத்தில் ஒரு சிறு உலோக உறை இருக்கும். சில வண்டிகளில் அது மேற்குழாயின் முனையில் அமையும். யப்பானிய வண்டிகள் பலவற்றில் கீழ்க்குழாயின் முனையில் அமையும். இரண்டு அல்லது மூன்று போல்ற்றுகளைக் கழற்றினால் வால்வு தெரியும். வெளியே எடுக்குமுன் அது எப்பக்கம் நோக்கி இருந்தது என்பதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகுக் குப்பி இயந்திரத்தின் பக்கமே இருக்கவேண்டும். விளிம்பில் ஆடும் சிறு ஊசி இருப்பின் அது மேலே வரவேண்டும். காற்று வெளியேறும் வழி அது.

புதியதைப் பொருத்துமுன் சோதித்துப் பார்ப்பது நன்று. சமையலுக்கு இனி உதவாத பழைய சட்டியொன்றில், அடியில் முட்டாதவாறு நூலிற் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அதன் அளவு 42 பாகையோடு முடிந்துவிடும். நுவரெலியா நேயர்களுக்கு ஒரு சொல்: அங்கே திறந்த சட்டியில் நீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். திறக்கத் தொடங்கிய வால்வு முழுவதும் விரிய இன்னும் பத்துப் பன்னிரண்டு பாகை வேண்டும். ஆகவே அது முழுதாக விரியவில்லையென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

நீர் கசிவது பெரும்பாலும் வால்வினாலன்று, அவசரத்தினால். பழைய கடதாசிக் கஸ்கற்றை மரத்துண்டினாற் சுரண்டுங்கள். இரும்பு பட்டால் அலுமினிய முகத்தில் கீறல் விழும். துகள்கள் உள்ளே விழாதபடி துவாரத்தைத் துணியால் அடைத்து, முடிவில் அத்துணியை மறவாமல் எடுத்துவிடுங்கள். இறப்பர் வளையத்தைப் புதிதாகவே இடவேண்டும். பழையது இறுகித் தட்டையாகியிருக்கும். அதற்குப் பசை பூசவேண்டியதில்லை. போல்ற்றுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பலங்கொண்ட மட்டும் இறுக்கினால் அலுமினிய உறை வெடித்துவிடும்.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையினூடே ஊறி வருவது. கேத்திலில் படியும் அதே வெள்ளைப் படிவு றேடியேற்றரிலும் படியும். எனவே குளிர்திரவத்தோடு வடித்த நீரையே கலவுங்கள். மூடியைத் திறந்தபடியே இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, குமிழிகள் அடங்கும்வரை நீரை ஊற்றிவாருங்கள். றேடியேற்றரின் இரு குழாய்களும் சூடேறினால் வால்வு திறந்துவிட்டது என்று அறியலாம். மறுநாட் காலை, இயந்திரம் ஆறியிருக்கும்போது, நீர்மட்டத்தை மீண்டும் பாருங்கள். சிறிது குறைந்திருப்பின் ஊற்றி நிரப்புங்கள். நாள்தோறும் குறைந்தாலோ, முள் மீண்டும் சிவப்பை எட்டினாலோ, குற்றம் நீர்ப்பம்பியிலோ சிலிண்டர்த் தலைக் கஸ்கற்றிலோ இருத்தல் கூடும். அந்நிலையில் வண்டியை ஓட்டிச் செல்லாமல் தொழிலாளரை வீட்டுக்கு அழையுங்கள்.