பதினெட்டு வயதில் கடலோடு போனவர்

(பொன்விழா ஆண்டில் இளைஞர் பிரிவு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





சேவை என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு, பெயின்ட் என்று சாமான் சப்ளை செய்பவன். மேடைப் பேச்சு என் தொழில் இல்லை. ஆனால் கப்பலில் வேலை செய்யும் சின்னப் பையன்களைத் தினமும் பார்க்கிறேன். அதனால் ஒரு கப்பல் பையனைப் பற்றியே பேசுகிறேன்.

அவர் பெயர் டெடி ஷீயன். ஆஸ்திரேலியர். 1923 டிசம்பர் 28ஆம் தேதி டாஸ்மேனியா தீவில் லோயர் பாரிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் கூலித் தொழிலாளி. டெடி பதினான்காவது பிள்ளை. அந்த வீட்டில் சோறு எப்படிப் பங்கு போட்டிருப்பார்கள் என்று இங்குள்ள தாய்மார்கள் யோசித்துப் பாருங்கள். பள்ளிப் படிப்புக்குப் பிறகு சுற்றுவட்டாரப் பண்ணைகளில் வேலை செய்தார். அண்ணன்மார்கள் ராணுவத்திலும் கடற்படையிலும் இருந்தார்கள். 1941 ஏப்ரலில், பதினேழு வயதில், இவரும் கடற்படையில் சேர்ந்தார். பதவி சாதாரணக் கடற்படை வீரர். அதற்குக் கீழே பதவி இல்லை என்றே சொல்லலாம்.

அடுத்த வருடம் 1942. அந்த வருடத்தை நம் பெரியவர்கள் மறக்கவே மாட்டார்கள். பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. நான்கே நாளில், 19ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. 20ஆம் தேதி ஜப்பானியர் திமோர் தீவில் இறங்கினார்கள். நம் தாத்தா பாட்டி இங்கே மரவள்ளிக்கிழங்கு தின்று நாள் கடத்திய அதே போரில்தான் டெடியும் இருந்தார்.

அந்த வருடம் மே மாதம் அவரை சிட்னி துறைமுகத்தில் 'குட்டபுல்' என்ற பழைய பயணிகள் படகில் தங்க வைத்திருந்தார்கள். லீவு கிடைத்து ஊருக்குப் போனார். அவர் ஊரில் இருந்தபோது ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கிகள் சிட்னிக்குள் புகுந்து தாக்கின. குட்டபுல் மூழ்கியது, 21 கடற்படையினர் இறந்தார்கள். லீவு கிடைத்ததால் டெடி பிழைத்தார். திரும்பி வந்ததும் 'ஆர்மிடேல்' என்ற புதிய சிறு போர்க்கப்பலில் ஏறினார். விமான எதிர்ப்புப் பீரங்கிக்குக் குண்டு மாட்டிக் கொடுப்பது அவர் வேலை.

நவம்பர் 29ஆம் தேதி ஆர்மிடேல் டார்வினிலிருந்து திமோருக்குப் புறப்பட்டது. அங்கே மலைகளில் மறைந்து போராடிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய வீரர்களை அழைத்து வரவேண்டும், அவர்களுக்குப் பதிலாகப் புதிய வீரர்களை இறக்கிவிட வேண்டும். அந்தப் புதிய வீரர்கள் யார் தெரியுமா? டச்சுக்காரர்களின் படையில் இருந்த ஜாவாக்காரர்கள், அறுபது பேருக்கு மேல். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டிசம்பர் 1, பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு ஜப்பானிய விமானங்கள் கூட்டமாக வந்து தாக்கின. இரண்டு டார்பிடோக்கள் கப்பலைத் துளைத்தன. கப்பல் சாய்ந்தது. எல்லோரும் கடலில் குதியுங்கள் என்று கேப்டன் உத்தரவிட்டார். டெடி ஓடிப்போய் உயிர்காக்கும் மிதவை ஒன்றை அவிழ்த்துவிட உதவினார். விமானங்கள் தண்ணீரில் கிடந்தவர்களையும் சுட்டுக்கொண்டிருந்தன. டெடிக்கு மார்பிலும் முதுகிலும் குண்டு பட்டது.

அவர் குதித்திருக்கலாம். உத்தரவே அதுதான், யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் திரும்பிப் போய்ப் பீரங்கியோடு தன்னை வாரால் கட்டிக்கொண்டார். தண்ணீரில் கிடந்த கூட்டாளிகள் மேல் பாய்ந்து வந்த விமானங்களைச் சுட்டார். ஒரு விமானம் விழுந்தது, மற்றவை விலகின. கப்பலின் பின்பக்கம் மூழ்கியது. தண்ணீர் அவர் மேல் ஏறிய பிறகும் பீரங்கி சுட்டுக்கொண்டிருந்ததைத் தண்ணீரில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் 27 நாள் இருந்தது. அவருடைய உடல் கிடைக்கவில்லை.

கப்பலில் இருந்தவர்கள் 149 பேர். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் 49 பேர். மற்றவர்களில் சிலர் கப்பலோடு போனார்கள், சிலர் மிதவையில் நாள்கணக்கில் கிடந்து போனார்கள். ஒரு மிதவையைத் தேடிப்போன விமானம் கண்டுபிடித்தது. அலை பெரிதாக இருந்ததால் இறங்க முடியவில்லை. அந்த மிதவையை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை.

டெடிக்கு என்ன மரியாதை கிடைத்தது? அந்தக் கால விதிப்படி இறந்தவருக்குக் கொடுக்கக்கூடியவை இரண்டே இரண்டு. உச்சியில் விக்டோரியா கிராஸ், அடியில் போர் அறிக்கையில் பெயரைக் குறிப்பிடுவது. நடுவில் ஒன்றும் இல்லை. டெடிக்கு அடியில் உள்ளதைக் கொடுத்து ஃபைலை மூடிவிட்டார்கள்.

ஆனால் குடும்பம் மூடவில்லை. உயிர் தப்பிய கூட்டாளிகள் சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1999இல் கடலில் இறக்கப்பட்ட ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்கு 'ஷீயன்' என்று பெயர் வைத்தார்கள். சாதாரண வீரர் ஒருவரின் பெயரை ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பல் தாங்கியது அதுவே முதல் தடவை. குடும்பத்தார் அதோடும் நிற்கவில்லை. 2013இல் ஒரு விசாரணை, பலன் இல்லை. 2019இல் தீர்ப்பாயம் ஒன்று விக்டோரியா கிராஸ் கொடுக்கலாம் என்றது. 2020 மே மாதம் அரசாங்கம் முடியாது என்றது. மக்கள் விடவில்லை. மறுபடி ஒரு குழு ஆராய்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. டிசம்பர் 1ஆம் தேதி, சரியாக 78 ஆண்டுகள் கழித்து, கேன்பராவில் அவருடைய குடும்பத்தார் அந்தப் பதக்கத்தை வாங்கினார்கள். ஆஸ்திரேலியக் கடற்படையினர் ஒருவருக்குக் கிடைத்த முதல் விக்டோரியா கிராஸ் அது.

இப்போது அந்த ஜாவாக்காரர்களிடம் வருகிறேன். இறந்த நூறு பேரில் பாதிக்கு மேல் அவர்கள்தான். ஜாவா எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பையன்களில் பலர் நம் பிள்ளைகளைப் போலவே பாங்கு ஓசை கேட்டு வளர்ந்திருப்பார்கள். தண்ணீரில் மூழ்கி மவுத்தாகிறவரும் ஷஹீத் என்பது நம் நபிமொழி. அல்லாஹ்விடம் அவர்கள் கணக்கு பத்திரமாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மனிதர்களிடம்? டெடியின் பெயர் என் வாய்க்கு வருகிறது. அந்த அறுபது பேரில் ஒருவர் பெயர்கூட எனக்கு வரவில்லை. டெடிக்கு ஒரு குடும்பம் கேட்டுக்கொண்டே இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சகோதரர்களே, நாமும் கடல் கடந்து வந்தவர்கள். தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவைக் கட்டியது 1830ஆம் ஆண்டை ஒட்டி. அன்றைக்கு அந்தத் தெரு கடற்கரை. நாகூர் ஆண்டகை கடலில் போகிறவர்களைக் காப்பார் என்று நம்பி வந்தவர்கள், உயிரோடு கரை இறங்கியதற்கு நன்றி சொன்ன இடம் அது. தோணியில் சாமான் ஏற்றியவர்கள், நாணயம் மாற்றியவர்கள், 'ரஜுலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து டெக் டிக்கெட்டில் வந்தவர்கள். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நம்மிடம் எழுத்தில் இருக்கிறது? பலரைப் பற்றி நமக்குத் தெரிந்தது "அப்பா வழித் தாத்தா, கப்பலில் வந்தார்" என்பது மட்டும்தான்.

வெளியூரில் மவுத்தானவருக்கு இங்கே காயிப் ஜனாஸா தொழுகிறோம். அங்கேகூட நிய்யத்துக்கு முன்னால் இமாம் பெயரைக் கேட்கிறார். பெயரைச் சொல்ல ஒருவர் பள்ளிக்கு வந்திருக்க வேண்டும்.

ஆகவே தம்பி தங்கைகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். பணம் கேட்கவில்லை. இந்த வாரம் வீட்டில் மூத்தவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் வந்தவர் பெயர் என்ன, எந்த ஊர், எந்தக் கப்பல், எந்த வருடம், என்ன வேலை செய்தார், எங்கே அடக்கமானார் என்று கேளுங்கள். தெரிந்ததை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். அதை ஒழுங்காக ஃபைல் போட்டு வைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். பில் புக்கு எழுதிப் பழகியவன், கணக்கு தவற விடமாட்டேன்.

ஒரு சாதாரணப் பையனுக்காக அவன் குடும்பம் பல வருடம் பேசியது. நம் பெரியவர்களுக்காக நாம் ஒரு மாலை நேரம் ஒதுக்குவோம். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.