தீர்ப்பின் நகல் யார் கையில் இருக்கிறது?

(திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை வாசகர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஒன்றரை ஷிப்ட் முடித்து, ஞாயிறு காலைத் தூக்கத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

எங்கள் லைன் வீட்டில் மூன்றாவது வீட்டு அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். ஒருநாள் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீ படிச்ச புள்ளதானே, இதுல எனக்குத் தீந்துருச்சான்னு பாத்துச் சொல்லு சாமி" என்றார். உள்ளே நீதிமன்ற அழைப்பாணை ஒன்றும், அதோடு வந்த மனுவின் நகலும் இருந்தன. விவாகரத்து கேட்டுக் கணவர் போட்ட மனு. தீர்ப்பு இல்லை. எட்டு வருடங்களாக, தனக்குத் திருமணம் முறிந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமலே அந்த அக்கா வாழ்ந்துகொண்டிருந்தார்.

அந்தக் கவர் என் ஆய்வின் திசையை மாற்றியது. எப்படி என்று சொல்கிறேன்.

பனியன் கம்பெனிகளில் சந்தித்துச் சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதுதான் என் ஆய்வு. தேனி, மதுரை, திண்டுக்கல் என்று எங்கிருந்தோ வந்தவர்கள் பவர் டேபிளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறார்கள், பழகுகிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள். அதைச் சாதி எப்படி எதிர்கொள்ளும் என்பதை இந்த மாவட்டம் அறியும். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். திருப்பூர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கொலை வழக்கு திறந்த நீதிமன்றத்தில் நடக்கும். அதன் தீர்ப்பை யாரும் படிக்கலாம்.

ஆனால் கொல்லப்படாமல், சேர்ந்து வாழவும் விடப்படாமல், சத்தமில்லாமல் பிரிக்கப்பட்டவர்கள் எங்கே? அவர்களுடைய கதை விவாகரத்து வழக்குக் கட்டுகளில் இருக்கும் என்று நினைத்து, அவற்றைத் தேடிப் போனேன்.

தேடுவதே ஒரு பாடம். இங்கே இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் வரும் மனுக்களுக்கு எச்.எம்.ஓ.பி. என்று எண் போடுவார்கள். எண், ஆண்டு, நீதிமன்றம் மூன்றும் தெரிந்தால்தான் கட்டு கிடைக்கும். எந்த நீதிமன்றம் என்பதை அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது: திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம். மனைவி மனு போட்டால் அவர் வசிக்கும் இடத்திலும் போடலாம்; இது 2003இல் சேர்க்கப்பட்டது. ஆகவே திருப்பூரில் உழைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் வழக்குக் கட்டு கணவரின் சொந்த மாவட்டத்தில் கிடக்கலாம். திருப்பூர் தனி மாவட்டமானதே 2009இல்தான். அதற்கு முந்தைய வழக்கு என்றால் கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோகூடத் தேட வேண்டியிருக்கும்.

ஒரு நீதிமன்றத்தின் நகல் பிரிவில் போய் நின்றேன். "நீங்க மனுதாரரா, எதிர்மனுதாரரா?" என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை, ஆராய்ச்சி மாணவி என்றேன். அப்படியானால் எதற்காக நகல் வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் போட்டு, நீதிபதியின் அனுமதி வாங்கி வரச் சொன்னார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அந்த வழியும் அடைபட்டிருந்தது. நீதிமன்ற விதிகளில் நகல் பெற வழி இருக்கும்போது அந்த வழியில்தான் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. இதற்கெல்லாம் மேலே இந்துத் திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இருக்கிறது. விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். அதில் நடப்பதை அச்சிடவோ வெளியிடவோ கூடாது. மீறினால் 1000 ரூபாய் வரை அபராதம். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் முன் அனுமதியோடு வெளியிடலாம்.

எனக்குக் கோபம் வந்தது. சாதி செய்த வேலையை மறைக்க ஒரு சட்டமா என்று தோன்றியது. அன்று இரவு கொஞ்சம் நிதானமாக யோசித்தேன். இந்தக் கட்டுகள் எல்லோருக்கும் திறந்திருந்தால் அவற்றை முதலில் படிக்கப் போவது யார்? நான் இல்லை. அந்தப் பெண்ணின் ஊர்க்காரர்கள், சாதிச் சங்கத்தார், கல்யாணத் தரகர். கணவன் மனைவியின் நடத்தை பற்றி எழுதி வைத்த பழிகள், மருத்துவச் சீட்டுகள், கருச்சிதைவு விவரங்கள் எல்லாம் அந்த மனுக்களில் இருக்கும். நம் பகுதியில் ஒரு பெயரும் ஒரு தெருவும் தெரிந்தாலே சாதி தெரிந்துவிடும். எனவே அந்தக் கதவு எனக்கு மூடியிருப்பது சரி. ஆய்வாளர் என்பதற்காக அதைத் தட்டித் திறக்கும் உரிமை எனக்குக் கிடையாது.

ஆனால் அதே கதவு அந்தப் பெண்ணுக்கும் மூடியிருக்கிறதே, அது எப்படிச் சரியாகும்?

சட்டம் அவளுக்கு அதை மூடவில்லை. இந்துத் திருமணச் சட்டம் 23(4) பிரிவைப் பாருங்கள். விவாகரத்துத் தீர்ப்பாணை வழங்கும் நீதிமன்றம், அதன் நகலை இரு தரப்புக்கும் இலவசமாகத் தர வேண்டும். கட்டணம் கிடையாது. நான் பேசிய பெண்கள் பலருக்கு இது தெரியாது. அவர்களுடைய நகல் வக்கீல் ஆபீஸில் இருக்கிறது, ஃபீஸ் பாக்கி. இல்லையென்றால் அண்ணனின் பீரோவில் இருக்கிறது. நீதிமன்றம் நடப்பது வேலை நாளில். ஒரு வாய்தாவுக்குப் போனால் ஒரு ஷிப்ட் போய்விடும். இரண்டு முறை போனால் சூப்பர்வைசர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். அதனால் "முடிஞ்சிருச்சு" என்று யாராவது சொன்னால் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

அந்தத் தாள் இல்லாமல் மறுமணத்தைப் பதிவு செய்யப் போனால் தடை. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்துக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்து பெற்றிருக்க வேண்டும், அல்லது குறைந்தது 5 ஆண்டுகள் கைவிடப்பட்டிருக்க வேண்டும். அங்கும் தாள் கேட்பார்கள்.

சில பெண்கள் தங்கள் நகல்களை அவர்களாகவே என்னிடம் காட்டினார்கள். அவர்கள் வாயால் சொன்னது: பேத்தியைத் தூக்க மாட்டேன் என்ற மாமியார், தனித் தட்டு, தம்பிக்குப் பெண் கிடைக்காது என்று மகனைத் திரும்ப இழுத்துக்கொண்ட குடும்பம். தாளில் இருந்தது: "கருத்து வேறுபாடு காரணமாக." அவ்வளவுதான். 13பி பிரிவின்படி இருவரும் சம்மதித்துப் பிரியும்போது, ஓராண்டுக்கு மேல் தனித்து வாழ்கிறோம், சேர்ந்து வாழ இயலவில்லை என்று சொன்னால் போதும். காரணத்தைச் சட்டம் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது அந்தப் பெண்ணுக்கு நல்லதுதான். ஆனால் சாதி செய்த பிரிவு பதிவேட்டில் கருத்து வேறுபாடாக மட்டுமே நிற்கிறது. எல்லாக் கட்டுகளையும் எனக்குத் திறந்துவிட்டிருந்தாலும் நான் தேடியது அங்கே இருந்திருக்காது. அது அந்தப் பெண்களிடம்தான் இருக்கிறது.

இதில் வரலாறும் இருக்கிறது. "அறுத்துக் கட்டுற சாதி" என்ற வசவை நம்மில் பலர் கேட்டிருப்போம். உழைக்கும் சாதிகள் பலவற்றில் ஒத்துவராத கல்யாணத்தைத் தீர்த்துக்கொண்டு வேறு கல்யாணம் செய்யும் வழக்கம் இருந்தது. பெண்ணுக்கு இருந்த அந்த வழியையே இழிவின் அடையாளமாக்கினார்கள். அகமணமும் பெண்ணின் மீதான கட்டுப்பாடும் இல்லாமல் சாதி நிற்காது என்று அம்பேத்கர் 1916இலேயே எழுதினார். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு மணவிலக்கு உரிமையைத் தீர்மானமாகப் போட்டது. 1949இல் சென்னை மாகாணம் இருதார மணத் தடைக்கும் மணவிலக்குக்கும் தனிச் சட்டம் கொண்டுவந்தது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டபோது 1951இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். பிறகு 1955இல் வந்த சட்டம், வழக்கத்தின் வழியான மணமுறிவை 29(2) பிரிவில் அப்படியே விட்டுவைத்தது.

இதைப் பிடித்துக்கொண்டுதான் ஊர்ப் பஞ்சாயத்துகள் இன்றும் முத்திரைத் தாளில் 'விடுதலைப் பத்திரம்' எழுதுகின்றன. அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக உண்டு என்று நிரூபித்தால்தான் அந்தத் தாள் நீதிமன்றத்தில் நிற்கும். சாதி மறுப்புத் திருமணத்தில் எந்தச் சாதியின் வழக்கத்தை நிரூபிப்பது? சாதியை மீறி நடந்த கல்யாணத்தை முறிக்க மட்டும் சாதிப் பஞ்சாயத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

நம் அக்காவுக்கு நடந்தது இதுதான். அக்கா பட்டியல் சாதி. அவர் கணவர் தேனிப் பக்கத்து இடைநிலைச் சாதி. இருவரும் அவருடைய ஊரில் கொஞ்ச காலம் வாழ்ந்ததால் மனு அங்கே போடப்பட்டது. நடுவில் கணவர் வீட்டார் பஞ்சாயத்துக் கூட்டி, ஒரு தாளில் அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "எல்லாம் தீந்துச்சு, போம்மா" என்று பஸ் ஏற்றிவிட்டார்கள். அந்தத் தாளின் நகலைக்கூட அவருக்குத் தரவில்லை.

அழைப்பாணையில் எச்.எம்.ஓ.பி. எண் இருந்தது. அக்கா எதிர்மனுதாரர் என்பதால் நகல் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஒரு நாள் விடுப்புப் போட்டு இருவரும் போனோம். நகல் மனுவில் அவரே கையெழுத்துப் போட்டார். சில வாரங்கள் கழித்து வந்த சான்றிட்ட நகல் ஒரே பக்கம்தான்: மனுதாரர் வராததால் மனு தள்ளுபடி. பஞ்சாயத்தில் தீர்த்தாகிவிட்டது என்று கணவர் நீதிமன்றம் போவதையே நிறுத்தியிருக்கிறார். சட்டப்படி அக்கா இன்றும் அவர் மனைவி. அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அந்தத் திருமணம் சட்டப்படி செல்லாது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

அக்கா அந்தப் பக்கத்தை வாங்கி மடித்துக் கவரில் வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பஸ்ஸில் பல்லடம் தாண்டும்போது, "அப்ப இனி நாந்தான் கேஸு போடோணும், இல்ல சாமி?" என்றார். ஆமாம். திருப்பூரிலேயே போடலாம், 2003 திருத்தம் அதற்குத்தான்.

தோழர்களே, ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்தச் சந்திப்பு நடக்கும் ஞாயிறுகளில் வாசலில் ஒரு மேசை போடுவோம். கவரோடு வரும் பெண்களுக்கு வழக்கு எண்ணையும் ஆண்டையும் நீதிமன்றத்தையும் எழுதிக் கொடுப்போம். தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டின் நகலையும் கேட்கச் சொல்வோம். நகல் மனு எழுத உதவுவோம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம் என்று சொல்வோம். வேலை நாளில் நீதிமன்றம் போகும் பெண்ணோடு நம்மில் ஒருவர் துணைக்குப் போவோம். அவர்கள் தாளை நாம் படிக்க வேண்டியதில்லை. படிக்கச் சொன்னால் மட்டும் படிப்போம்.

என் ஆய்வேடு கொஞ்சம் தாமதமாகும். பரவாயில்லை. முதலில் நகல் அவர்கள் கைக்குப் போகட்டும்.

ஜெய்பீம்.