அளவான வருவாயில் நல்ல மரச்சாமான்கள்

பணியின் பொருட்டுத் தமிழகத்தை விட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடித்தனம் தொடங்கும் குடும்பங்களுக்கு மரச்சாமான் வாங்குவது ஒரு பெருஞ்செலவு. நம் ஊரில் ஒரு பாயை விரித்தால் படுக்கை முடிந்தது. தில்லியின் மார்கழிக் குளிரிலோ வெறுந்தரையில் படுக்க இயலாது. அங்கே கட்டில் ஆடம்பரமன்று, தேவை. ஆனால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக எஞ்சும் தொகை சிறியது. அதனை எவ்வாறு செலவிடுவது?

முதலில் ஒரு கணக்கை மனத்திற் கொள்ள வேண்டும். மரச்சாமானின் விலை கடைச்சீட்டில் உள்ள தொகை மட்டுமன்று; அது எத்தனை ஆண்டுகள் உழைக்கும், எத்தனை மாற்றல்களைத் தாங்கும் என்பதையும் சேர்த்தே விலையை மதிப்பிடல் வேண்டும். மலிவான கட்டிலை வாங்கி, மாற்றல் வந்ததும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, புதிய ஊரில் மீண்டும் வாங்குபவர், மூன்று மாற்றல்களுக்குள் ஒரு நல்ல கட்டிலின் விலையைக் கொடுத்துவிடுவார். நல்ல கட்டில் மட்டும் அவரிடம் இராது.

ஆகவே, உடலின் பாரத்தைத் தாங்கும் பொருள்களுக்கே முதலிடம் தருக. கட்டிலும், குழந்தை படிக்கும் மேசை நாற்காலியும் முதலில் வரட்டும். நாற்காலியில் அமர்ந்தால் குழந்தையின் பாதம் தரையிலோ ஒரு பலகையிலோ படிய வேண்டும். முழங்கை மேசையின் மட்டத்தில் அமைய வேண்டும். கண்ணாடி அலமாரியும் சோபாவும் காத்திருக்கலாம்.

அடுத்து, மரம். தேக்கு எண்ணெய்ப் பசை உடையது, அதன் வயிரத்தைக் கறையான் எளிதில் அண்டாது, விலையோ மிகுதி. வட இந்தியாவில் பெரிதும் வழங்கும் சீஷம் நம் ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்தது, உறுதியானது. அதிலும் கருமை படர்ந்த வயிரப் பகுதியே நிலைக்கும். வெளிறிய வெளிமரத்தை வண்டு துளைத்துவிடும். சாயம் பூசினால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். மாமரத்துக்குச் சாயம் ஏற்றிச் சீஷம் என்று விற்பதும் உண்டு. எனவே மெருகு பூசாத அடிப்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். நன்கு உலராத மரத்தையும் தவிர்க்க வேண்டும். தில்லியின் மே, ஜூன் மாத வறட்சியில் அது குறுக்குவாட்டில் சுருங்கி மூட்டுகளைத் தளர்த்திவிடும்.

மரத்தினும் முக்கியமானது மூட்டு. ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி மற்றொரு கட்டையின் துளையிற் செருகிய மூட்டு நெடுநாள் நிற்கும். வெறும் ஆணியால் அறைந்தது விரைவில் ஆடத் தொடங்கும். நாற்காலியைச் சமதளத்தில் வைத்து மூலைக்கு மூலை அழுத்திப் பாருங்கள். சோபாவின் முன்கால் ஒன்றை அரை அடி உயரம் தூக்குங்கள். அடுத்த முன்காலும் உடன் எழாவிடில் சட்டம் வலுவற்றது என்று அறியலாம்.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகை விலை மலிவு. ஆயினும் நீர் பட்டால் ஊதும். ஊதியது பழைய நிலைக்குத் திரும்பாது. ஒருமுறை கழற்றிய திருகாணி அதே துளையில் முன்போல் பிடிக்காது. அடிக்கடி மாற்றலாகும் குடும்பத்துக்கு இது பெருங்குறை. ஒட்டுப்பலகையே மேல், அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் 303 என்னும் தர எண்ணையும் தேடுங்கள். அடுக்களைக்குக் கொதிநீர் தாங்கும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். இரும்பு பீரோவில் தகட்டின் 'கேஜ்' எண் ஏற ஏறத் தகடு மெலியும். 22 கேஜைவிட 20 கேஜ் தடிப்பானது.

பழைய சாமான்களை இகழ வேண்டா. தில்லி அமர் காலனியிலும் மும்பை சோர் பஜாரிலும் பழைய மரச்சாமான்கள் கிடைக்கின்றன. சிறு துளைகளிலிருந்து புதுப்பொடி உதிர்கிறதா, இடுக்குகளில் மூட்டைப்பூச்சி உள்ளதா என்று பார்த்து வாங்கினால் குறைந்த விலையில் நல்ல மரம் வாய்க்கலாம். அவ்வவ்வூர் மக்களிடமும் கற்கலாம். வங்காளத்தாரின் தக்தபோஷ் என்னும் பலகைக் கட்டில் எளியது, உறுதியானது. தில்லிப் பக்கத்து நாணல் மோடா இலேசானது. விருந்தினர் அமர அதுவே போதும்.

தவணையில் வாங்குவோர்க்கு ஒரு சொல். 'வட்டியில்லாத் தவணை' என்று கடைக்காரர் கூறினால், "முழுத்தொகையையும் இன்றே தந்தால் என்ன விலை?" என்று கேளுங்கள். குறைத்துச் சொன்னால், அந்த வேறுபாடே வட்டி. தவணைக்கென வாங்கும் கட்டணம் இருந்தால் அதனையும் அத்துடன் கூட்டிக் கொள்ளுங்கள்.

இறுதியாக, வாங்குமுன் வீட்டு வாயிலையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்து கொள்ளுங்கள். மரையாணியால் பூட்டிக் கழற்றத்தக்க கட்டில் எந்த வீட்டினுள்ளும் நுழையும். லாரியிலும் குறைந்த இடமே கொள்ளும். இவ்வாண்டு ஒரு கட்டில், அடுத்த ஆண்டு ஒரு பீரோ என்று கடனின்றிச் சேர்ப்பதில் குறைவொன்றும் இல்லை. அவ்வாறு சேர்த்தவை அடுத்த ஊருக்கும் நம்முடன் வரும். பிள்ளைகளின் காலத்துக்கும் உதவும்.