பள்ளி நூலகமும் இரவல் விதிகளும்



கொச்சிக் காயலின் நடுவே வல்லார்பாடம் என்னும் சிறு தீவு உள்ளது. மரியன்னையின் திருத்தலத்தால் நெடுங்காலமாகப் புகழ்பெற்ற ஊர் அது. 2004ஆம் ஆண்டில் கோஸ்ரீப் பாலங்கள் திறக்கப்படும் வரையில், அத்தீவில் வாழ்வோர் எர்ணாகுளத்துக்கு வரவேண்டுமானால் படகையே நம்பியிருந்தனர். அக்கரையில், 1870ஆம் ஆண்டில் தோன்றிய எர்ணாகுளம் பொது நூலகம் இருந்தது. ஆயினும், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு கதைப் புத்தகத்தின் பொருட்டுப் படகேறிக் காயலைக் கடந்து சென்று, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவது எளிதான செயலா? அவளுக்குப் பள்ளியில் உள்ள அலமாரியே நூலகம். அது பூட்டிக் கிடந்தால் அவளுக்கு வேறு வாயில் இல்லை.

இன்று பாலங்கள் வந்துவிட்டன, பேருந்துகள் ஓடுகின்றன. எனினும் சிறு பிள்ளைகளுக்கு மிக அணித்தாக உள்ள நூலகம் பள்ளி நூலகமே என்னும் நிலை மாறவில்லை. தீவுக்கு மட்டுமன்றி, நகரத்தை விட்டு விலகிய எந்தச் சிற்றூருக்கும் இது பொருந்தும். ஆதலின், நடுநிலைப் பள்ளி ஒன்றில் நூல்களை இரவல் கொடுப்பதற்கு எத்தகைய விதிகள் வேண்டும், எத்தகைய விதிகள் கூடா என்பதை நாம் இப்போது சிறிது ஆராய்வோம்.

நூலகம் வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு நூலகம் இருத்தல் வேண்டும் என்கிறது. செய்தித்தாள்களும், பருவ இதழ்களும், எல்லாப் பாடங்களைப் பற்றிய நூல்களும், கதைப் புத்தகங்களும் அங்கே இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் அட்டவணையிலேயே கூறப்பட்டுள்ளது. கதைப் புத்தகம் என்று தனியே எடுத்துச் சொல்லியிருப்பது கருதத்தக்கது. 2018ஆம் ஆண்டில் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில், அரசுப் பள்ளிகளுக்கு அவற்றின் வகுப்பு நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரையில் நூலக மானியம் வகுக்கப்பட்டது. ஆக, நூல் வாங்குவதற்கு ஓரளவேனும் வழி உண்டு. வாங்கிய நூல் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதே வினா.

இவ்வினா புதியதன்று. டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952, 1953ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, நம் நாட்டுப் பள்ளி நூலகங்களின் நிலையை ஒளிவு மறைவின்றி எடுத்துரைத்தது. பெரும்பாலான பள்ளிகளில் நூலகம் என்று சொல்லத்தக்கதே இல்லை. இருப்பவை பழைய, பொருந்தாத நூல்கள். மாணவரின் விருப்பத்தை எண்ணாமல் தெரிந்தெடுக்கப்பட்டவை. பொலிவற்ற அறையில் அடுக்கப்பட்டவை. நூலில் பற்றில்லாத ஒருவர் பொறுப்பில் விடப்பட்டவை என்று அக்குழு வருந்தியது. அவ்வறிக்கை எழுதப்பட்டு எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் எத்தனையோ பள்ளிகளில் தலைமையாசிரியர் அறையின் மூலையில் ஓர் இரும்பு அலமாரி நிற்பதையும், அதன் சாவி மேசை அறைக்குள் கிடப்பதையும் நாம் காண்கிறோம்.

அந்த அலமாரி ஏன் பூட்டப்படுகிறது? ஆசிரியர்க்கு நூலின்மீது வெறுப்பா? அன்று. அச்சமே காரணம். நூல் தொலைந்தால் தணிக்கையாளர்க்கு விடை சொல்ல வேண்டியவர் அவர். ஊதியத்திலிருந்து பிடித்தம் செய்துவிடுவார்களோ, ஓய்வு பெறும் நாளில் கணக்கு முடியாமல் நின்றுவிடுமோ என்றெல்லாம் அவர் கவலைப்படுகிறார். பூட்டிவைத்த நூல் தொலையாது, ஆகவே பூட்டிவைக்கிறார். அவரைக் குறை கூறுவதில் பயன் இல்லை. அச்சத்தின் வேரை அறிந்து களைவதே செய்யத்தக்கது.

இவ்விடத்தில் பலரும் அறியாத ஒரு விதியை எடுத்துக்காட்ட விரும்புகிறோம். நடுவண் அரசின் பொது நிதி விதிகள் 2017ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்டன. அவற்றுள் நூலகங்களின் இருப்புச் சரிபார்ப்பைப் பற்றிய 215ஆம் விதி, ஓராண்டில் வழங்கப்படும் அல்லது பார்வையிடப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் வரையில் இழப்பு நேர்வதை இயல்பானதாகவே கொள்ளலாம் என்கிறது. நேர்மைக் குறைவாலோ கவனக் குறைவாலோ நேர்ந்த இழப்பாக அது இருத்தலாகாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மாநில அரசுகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் வேறு விதிகள் இருக்கலாம். ஆயினும், அரசின் கணக்கு முறையே ஒப்புக்கொண்ட நெறி இது என்பதை நாம் மறத்தலாகாது.

இந்த விதியின் உட்பொருளைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் 150 பிள்ளைகள் பயில்வதாகக் கொள்வோம். ஆண்டில் 30 வாரங்கள், வாரம் ஒரு நூல் வீதம் ஒவ்வொருவரும் எடுத்துச் சென்றால் 4,500 முறை நூல் வழங்கப்படும். ஆயிரத்துக்கு ஐந்து என்னும் கணக்கில் 22 நூல்கள் வரையில் இழப்பு மன்னிக்கத்தக்கது. நூலையே வழங்காமல் பூட்டிவைத்த பள்ளிக்கு அந்தச் சலுகை ஒரு நூலுக்கும் கிடையாது. மிகுதியாக வழங்குகிறவர்க்கே இந்த விதி மிகுதியாக இடம் தருகிறது. அஞ்சி வாழும் ஆசிரியர்க்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறு வேண்டுவதில்லை.

மேலும், பூட்டிய அலமாரியில் நூல் நலமாக இருக்கும் என்னும் நம்பிக்கையும் பொய்யானது. கொச்சிக் காயற்கரைகளில் ஜூன் தொடங்கிப் பல திங்கள்கள் மழை ஓயாது. காற்றில் எப்போதும் ஈரம். திறவாத அலமாரிக்குள் அவ்வீரம் தங்கிப் பூஞ்சை படர்கிறது. வெள்ளிமீன் என்னும் சிறு பூச்சி பசையையும் தாளையும் அரித்துத் தின்கிறது. ஆண்டு முடிவில் எண்ணிக்கை சரியாக இருக்கும். ஏடுகளோ ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். வாரந்தோறும் கைமாறும் நூலுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்கின்றன; பழுதும் உடனே கண்ணில் படுகிறது. பிள்ளையின் கையில் கிழிந்த நூல் பத்துப் பேருக்குப் பயன்பட்ட பின்னரே கிழிந்தது. அலமாரியில் மக்கிய நூலோ ஒருவருக்கும் பயன்படவில்லை.

வல்லார்பாடத்திலேயே இதற்கு ஓர் உவமையும் உண்டு. 2011ஆம் ஆண்டில் அங்கே பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டகம் அங்கே தேங்கி நிற்குமானால் முனையத்துக்குப் பெருமை இல்லை. எண்ணிட்டு, கணக்கில் பதிந்து, விரைந்து அனுப்புவதிலேதான் அதன் திறமை விளங்கும். நூலகமும் அத்தகையதே. பதிவேடு நூலை நிறுத்தி வைப்பதற்காக ஏற்பட்டதன்று; அனுப்பிய நூல் எங்கே இருக்கிறது என்று அறிவதற்காக ஏற்பட்டது.

இக்கருத்தை நம் நாட்டில் நிலைநாட்டியவர் சீர்காழியில் 1892ஆம் ஆண்டில் பிறந்த டாக்டர் சீ. இரா. அரங்கநாதன் ஆவார். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலக இயலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்பது. ஒவ்வொரு படிப்பாளிக்கும் அவர்க்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய படிப்பாளி, படிப்பாளியின் காலத்தைக் காத்தல், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பன ஏனைய நான்கு. அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், மன்னார்குடியில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. நூல்களை வண்டியில் ஏற்றிச் சிற்றூர்களின் வாயிலுக்கே கொண்டு சென்றனர். வயற்காட்டு வழியில் வண்டி கட்டி நூலை அனுப்பத் துணிந்த நாட்டில், வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு ஒரு நூலை அனுப்பத் தயங்குவது முறையாகுமா?

இனி, விதிகளைப் பார்ப்போம். முதலாவது, எத்தனை நூல், எத்தனை நாள் என்பது. கேரளத்தில் ஐந்து முதல் ஏழு வரையிலுள்ள வகுப்புகளே நடுநிலை; பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அவற்றில் பயில்வர். அவ்வயதினர்க்கு ஒரு வாரத்துக்கு ஒரு நூல் என்பது நல்ல அளவு. வாரத்தில் ஒரு நூலகப் பாடவேளை இருந்தால், திருப்பித் தரும் நாளை நினைவில் வைப்பதற்குத் தனி முயற்சி வேண்டா. முடிக்காத நூலை மேலும் ஒரு வாரம் வைத்துக்கொள்ள இசைவு தரலாம். வேறொரு பிள்ளை அதே நூலுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தால் மட்டும் மறுக்கலாம்.

இரண்டாவது, பதியும் முறை. 35 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரின் பெயர், வகுப்பு, நூலின் பெயர், எண், நாள் ஆகியவற்றைப் பெரிய பதிவேட்டில் எழுத ஒருவர்க்கு இரண்டு நிமிடம் ஆகுமென்றால், மொத்தம் 70 நிமிடம் ஆகும். பாடவேளையோ 40 நிமிடம். இங்கே பிரவுன் முறை என்னும் சீட்டு முறை கைகொடுக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பை போன்ற ஒரு சிறு சீட்டு. ஒவ்வொரு நூலிலும் அதன் பெயரெழுதிய ஓர் அட்டை. நூலை எடுக்கும்போது அதன் அட்டையைப் பிள்ளையின் சீட்டுக்குள் செருகித் திரும்ப வேண்டிய நாளின்கீழ் பெட்டியில் வைத்துவிட வேண்டும். நூல் திரும்பியதும் அட்டை நூலுக்கும் சீட்டு பிள்ளைக்கும் போய்விடும். எழுத்து வேலை ஏறக்குறைய இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரைப் பழக்கினால் அவர்களே இதனை நடத்துவர்; ஆசிரியர் பிள்ளைகளோடு நூலைப் பற்றி உரையாடலாம்.

மூன்றாவது, தண்டம். இதுவே மிக நுட்பமான இடம். தாமதத்துக்குக் காசு, தொலைத்தால் இரட்டை விலை என்று சில இடங்களில் விதி வைத்திருக்கின்றனர். நாட்கூலியில் வாழும் குடும்பத்தில், மழையில் நனைந்த ஒரு நூலுக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டால் என்ன நிகழும்? இனிமேல் பள்ளியிலிருந்து புத்தகமே கொண்டுவராதே என்று தாய் சொல்லுவாள். அவள் சொல்வதில் பிழை இல்லை. நூல் எவர்க்கு மிகவும் வேண்டுமோ அவரையே தண்டம் முதலில் விலக்குகிறது. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க நூலகச் சங்கம், தாமதக் கட்டணம் சமூக ஏற்றத்தாழ்வின் ஒரு வடிவம் என்று தீர்மானம் இயற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் சிகாகோ நகரப் பொது நூலகம் அக்கட்டணத்தை நீக்கியபோது, நெடுநாளாக வாராதிருந்த நூல்கள் பெருமளவில் திரும்பி வந்தன. அச்சம் நீங்கியதும் மக்கள் நூலோடு வந்தனர்.

பொறுப்பே வேண்டா என்பது நம் கருத்தன்று. தாமதம் செய்த பிள்ளை, பழைய நூலைத் திருப்பிய பின்னரே புதிய நூலைப் பெறலாம். கிழித்த பிள்ளை பசையும் தாளும் கொண்டு ஒட்டுவதில் உதவலாம். இயன்ற குடும்பம் தொலைந்த நூலுக்கு ஈடாக வேறொரு நூலைத் தரலாம். இயலாத குடும்பத்தைக் கேட்கவே வேண்டா. மழைக்காலத்தில் நூலோடு ஒரு பிளாஸ்டிக் உறையும் சேர்த்துக் கொடுத்தால், நனையும் நூல்கள் குறையும்.

நான்காவது, வெளியே போகாத நூல்கள். அகராதி, நிலப்படம் முதலியவற்றையும், பெரியசாமித் தூரன் பதிப்பித்த பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் போன்றவற்றையும் அறையிலேயே வைத்திருத்தல் நன்று. ஆனால் அப்பட்டியல் குறுகியதாக இருக்கட்டும். அழகிய படநூல், விலையுயர்ந்த நூல் என்பதற்காகவே ஒன்றை உள்ளே நிறுத்தலாகாது.

ஐந்தாவது, மொழி. மட்டாஞ்சேரிப் பகுதியில் மலையாளத்தோடு தமிழும் கொங்கணியும் குஜராத்தியும் பேசுவோர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். பள்ளியில் மலையாளம் பயிலும் தமிழ்ப் பிள்ளைக்கு, வீட்டில் பாட்டிக்குப் படித்துக் காட்ட ஒரு தமிழ் நூல் கிடைக்குமானால் எவ்வளவு நன்று! மலையாளத்தில் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து 1970ஆம் ஆண்டில் தொடங்கிய யுரேக்கா என்னும் சிறுவர் அறிவியல் இதழோடு, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழையும் வைக்கலாம். ஒவ்வொரு படிப்பாளிக்கும் அவர்க்குரிய நூல் என்பதன் பொருள் இதுவே.

ஆறாவது, விடுமுறை. மார்ச்சுத் தேர்வுக்கு முன்னரே எல்லா நூல்களையும் திரும்பப் பெற்றுப் பூட்டிவிடுவது பரவலான வழக்கம். ஏப்ரலும் மே மாதமும் பிள்ளைகளுக்கு ஓய்வு. நூலுக்கும் அப்போதே ஓய்வு கொடுத்துவிடுகிறோம்! நேரம் மிகுந்துள்ள அவ்விரு திங்களிலும் ஒவ்வொருவர்க்கும் மூன்று நூல்களைக் கொடுத்தனுப்பி, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வாங்கிக்கொள்ளலாம். ஏழாம் வகுப்பை முடித்து வேறு பள்ளிக்குச் செல்வோரிடம் மட்டும் முன்னரே பெற்றுக்கொண்டால் போதும்.

ஜூன் 19ஆம் நாள் கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1945ஆம் ஆண்டில் 47 நூலகங்களை ஒன்றுகூட்டித் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தைத் தொடங்கியவரும், ஊர் ஊராகச் சென்று மக்களைப் படிக்கத் தூண்டியவருமான பி. என். பணிக்கரின் நினைவு நாள் அது. அன்று பள்ளிகளில் உறுதிமொழி ஏற்பர், கண்காட்சி வைப்பர், பேச்சுப் போட்டி நடத்துவர். இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும் விழா முடிந்த மறு வாரம் எத்தனை நூல்கள் பிள்ளைகளின் பைகளில் வீட்டுக்குச் சென்றன என்பதே விழாவின் பயனை அளக்கும் கோல்.

பெற்றோரும் இதில் கடமைப்பட்டவர்களே. பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் பெற்றிருப்போர், கட்டடத்தையும் உணவையும் பற்றிக் கேட்பதோடு, சென்ற திங்களில் எத்தனை நூல்கள் வழங்கப்பட்டன என்றும் கேட்க வேண்டும். தொலைந்த நூல்களின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன்னர் வழங்கிய நூல்களின் எண்ணிக்கையைக் கேளுங்கள். அக்கேள்வி தொடர்ந்து எழுமானால் ஆசிரியர்க்குத் துணிவு பிறக்கும், அலமாரி திறக்கும், தீவிலுள்ள சிறுமியின் கைக்கும் அவளுக்குரிய நூல் சென்று சேரும்.