ஒரு முறை கொடுப்பதும் ஆண்டுதோறும் கொடுப்பதும்
(சங்கத்தின் பொன்விழாவையொட்டிச் சிரம்பானில் நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





பொன்விழா நிதியிலிருந்து பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்காக நூல்கள் வாங்கிக் கொடுக்கலாம் என்று நிர்வாகக் குழு எண்ணியிருக்கிறது. பல ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அறிவியல் நூல்களைத் தேர்ந்து வாங்கும் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால், எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டார்கள். பட்டியல் ஒன்று தந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பட்டியலுக்கு முன் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

என் அத்தா இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். கடைக்கு வருபவர்கள் எல்லாரும் பால் வெட்டுபவர்கள். காலையில் மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துப் பால் ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே நிறுப்பதோடு விடமாட்டார்கள். பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்றும் பார்ப்பார்கள். நூறு கிராம் கித்தாப் பாலில் ஏறத்தாழ முப்பது முதல் நாற்பது கிராம்தான் ரப்பர். மற்றது பெரும்பாலும் நீர். மழை பெய்தால், மரம் மாறினால், பருவம் மாறினால் அந்தக் கணக்கும் மாறும். மாதிரியாக எடுத்த பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து, அழுத்திக் காயவைத்து எடை பார்ப்பார்கள். அந்த எண்ணைப் பொறுத்துக் கூலியில் ஒரு பகுதி ஏறும், இறங்கும். சதவீதம் இறங்கிய மாதத்தில் எங்கள் கடைக் கணக்கு நோட்டில் பற்று ஏறும். அதற்குப் பெயர் வேதியியல் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இந்த மாநிலத்தின் கூலியும் கடனும் வேதியியலோடு கட்டுண்டு கிடந்தன. அந்த அறிவு மட்டும் எங்கள் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருந்தது. இதை நான் மறந்ததில்லை.

இனி நூலகத்துக்கு வருகிறேன். வேதியியல் தொகுப்பு என்பதை ஒரு வீடு கட்டுவதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடித்தளம் பாடநூல்கள். நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கில நூலைப் பிரிக்கிறார்கள். ஆகவே மலாய், ஆங்கிலம் இரண்டிலும் நல்ல பாடநூல் வேண்டும். ஒரே நூலில் பல படிகள் வேண்டும். தேர்வு வாரத்தில் ஒரே ஒரு படி இருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

அதன்மேல் தரவுக் கையேடுகள். ஒரு பொருள் எந்த வெப்பத்தில் உருகும், கொதிக்கும், எதில் கரையும் என்ற எண்கள் அதில் இருக்கும். உலக வேதியியலாளர் எல்லாரும் அறிந்த கையேடு ஒன்றுக்கு ‘ரப்பர் பைபிள்’ என்று செல்லப்பெயர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஆய்வுக்கூடங்களுக்கு ரப்பர் பொருள்கள் விற்ற ‘கெமிக்கல் ரப்பர் கம்பெனி’ நூறாண்டுகளுக்கு முன் அதை வெளியிடத் தொடங்கியதால் வந்த பெயர் அது.

மூன்றாவது வழிகாட்டி. லட்சக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளில் வேண்டியதை எப்படித் தேடுவது? 1881-இல் பைல்ஷ்டைன் என்பவர் கரிமச் சேர்மங்களைத் தொகுத்து வெளியிடத் தொடங்கினார். 1907-இல் அமெரிக்காவில் ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ தொடங்கியது. உலகெங்கும் வரும் வேதியியல் கட்டுரைகளின் சுருக்கத்தை அது தந்தது. அந்த அமைப்பு பதிவு செய்த வேதிப்பொருள்களின் எண்ணிக்கை 2015-இல் பத்துக் கோடியைத் தொட்டது. இன்று இவையெல்லாம் கணினியில்தான் இருக்கின்றன. சந்தா கட்டினால் கதவு திறக்கும்.

நான்காவது ஆய்விதழ்கள். தொகுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பணம் கரைவதும் இங்கேதான்.

வேதியியலில் பழைய இதழ் எளிதில் பழையதாகாது. ஒருவர் 1930-இல் ஒழுங்காக அளந்த உருகுநிலை இன்றும் அதேதான். நம் மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 1929-இல் சுங்கை பூலோ பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் பி. சி. சேகர். மலையாளக் குடும்பத்துப் பிள்ளை. 1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் வேதியியலாளராகச் சேர்ந்து, 1966-இல் அதன் முதல் ஆசிய இயக்குநர் ஆனார். 1973-இல் மகசேசே விருது பெற்றார். அவரும் ஆர்ச்சர் என்பவரும் சேர்ந்து 1955-இல் ரப்பர் பாலில் உள்ள புரதங்களைப் பற்றி ‘பயோகெமிக்கல் ஜர்னல்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அப்போது அது ஒரு சிறு துறையின் செய்தி. முப்பது ஆண்டுகள் கழித்து மருத்துவமனைகளில் ரப்பர் கையுறைப் பயன்பாடு பெருகியது. சிலருக்கு ஒவ்வாமையும் வந்தது. காரணம் அந்தப் புரதங்கள்தான். கையுறை ஏற்றுமதியை நம்பியிருந்த நாட்டுக்கு அது பெரிய சோதனை. அப்போது ரப்பர் பாலின் புரதங்களைப் பற்றிய பழைய ஆய்வுகள் மீண்டும் தேவைப்பட்டன. 1955-ஆம் ஆண்டின் கட்டு அலமாரியில் இருந்த நூலகம் கைகொடுத்தது. இல்லாத நூலகம் அடுத்தவரிடம் கை நீட்டியது.

பாடநூலுக்கும் செய்முறை நூலுக்கும் கணக்கு வேறு. நான் வேலை பார்த்த நூலகத்துக்கு ஒருமுறை நல்ல உள்ளம் கொண்ட ஒருவர் வேன் நிறையப் புத்தகம் அனுப்பினார். பெரும்பாலும் பழைய ஆய்வுக்கூடச் செய்முறை நூல்கள். கையில் பென்சீன் ஊற்றிக் கழுவலாம் என்கிற காலத்து நூல்கள். பென்சீன் புற்றுநோய் தரும் என்பது பின்னர் உறுதியான செய்தி. அந்த நூலைத் திறந்த அலமாரியில் வைத்தால் ஒரு மாணவி அதை நம்பிச் செய்துவிடுவாள். பிரித்துப் பார்த்து, பதிவு செய்து, பெரும்பகுதியை ஒதுக்குவதற்கே எங்கள் ஆட்களுக்குப் பல வாரங்கள் ஆயின. கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று அவரிடம் சொல்லவும் இல்லை. அது என் தவறு. சொல்லியிருந்தால் அடுத்த வேன் வந்திருக்காது.

சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். நூலைப் பணம் கொடுத்து ஒரு முறை வாங்கலாம். இதழை ஒரு முறை வாங்க முடியாது. அதற்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டும். 1997-ஆம் ஆண்டின் நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ இரண்டரை வெள்ளி. 1998 செப்டம்பரில் அரசு அதை 3.80 வெள்ளி என்று நிலைநிறுத்தியது. வெளிநாட்டு இதழ்களின் விலை டாலரிலும் பவுனிலும்தான் இருக்கும். நூறு டாலர் இதழுக்கு 250 வெள்ளி கட்டிய நாங்கள் 380 கட்ட வேண்டியதாயிற்று. இதழில் ஒரு பக்கமும் கூடவில்லை. கையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, எந்த இதழை நிறுத்துவது என்று பட்டியலில் கோடு போட்டேன். இரண்டு மூன்று ஆண்டுகள் விட்டுப்போன இதழின் வரிசையில் ஓர் ஓட்டை விழும். பின்னால் காசு வந்தாலும் அந்த ஓட்டையை அடைப்பது கடினம். மின்னிதழில் இன்னொரு சங்கடமும் உண்டு. அச்சு இதழ் நிறுத்தினாலும் பழைய கட்டு அலமாரியில் இருக்கும். மின்னிதழில் ஒப்பந்தத்தைப் பொறுத்துப் பழையதும் கையை விட்டுப் போய்விடலாம்.

நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற கணித ஆசிரியர். 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பதைச் சொல்வது. உயிருக்கு ஒருநாள் விருந்து போட்டால் போதாது. தினம் சோறு வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் மரபில் ஒரு விடை இருக்கிறது. அதன் பெயர் வக்ஃபு. முதல் அப்படியே இருக்கும். அதன் வருவாய் மட்டும் செலவாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் எழுந்த முஸ்தன்சிரிய்யா மத்ரஸாவும் அதன் நூலகமும் வக்ஃபின் ஆதரவில் நடந்தவை. கெமிஸ்ட்ரி என்ற சொல் அரபியின் ‘அல்-கீமியா’ வழியாக வந்தது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பேசலாம். ஆனால் பெருமை சந்தா கட்டாது. வக்ஃபு கட்டும்.

ஆகவே நிர்வாகக் குழுவுக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, பொன்விழா நிதியை ஒரே நாளில் புத்தகமாக்க வேண்டாம். முதலாக வைத்து, அதன் வருவாயை ஆண்டுதோறும் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் வேதியியல் பிரிவுக்குக் கொடுப்போம். நம் நாட்டில் வக்ஃபுக்கு மாநில இஸ்லாமிய சமய மன்றமே பொறுப்பாளர். அதன் வழியே முறையாகச் செய்ய வேண்டும். நீலாயில் இருக்கும் மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது; அங்கே அறிவியல் புலமும் உண்டு. அங்கிருந்தே பேசத் தொடங்கலாம். எதை வாங்குவது என்பதை அங்குள்ள நூலகரும் விரிவுரையாளரும் முடிவு செய்யட்டும். நம் விருப்பத்தைத் திணிக்க வேண்டாம். பயனும் எல்லா இனப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருக்கட்டும்.

இரண்டாவது, நம் வீடுகளில் கிடக்கும் தோட்டத்துக் காகிதங்களைத் தேடுவோம். தோட்டங்கள் செம்பனையாயின, தாமான்களாயின. பால் ஸ்டோர்களை இடித்துவிட்டார்கள். ஆனால் கிராணியாகவும் ஆலைப் பணியாளராகவும் இருந்தவர்களின் வீட்டுப் பெட்டிகளில் சதவீதக் கணக்கு நோட்டுகள், ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பழைய வெளியீடுகள் இன்னும் இருக்கலாம். எந்த வெளிநாட்டுப் பதிப்பகமும் அவற்றை விற்காது. கரையான் தின்னும் முன், நூலகரைக் கேட்டு, அவர் வேண்டும் என்று சொல்வதை மட்டும் கொடுப்போம்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு நாள், ஐந்தாம் படிவம், ஆறாம் படிவம் படிக்கும் நம் பிள்ளைகளைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பேருந்தில் அழைத்துப் போவோம். ஒரு வேதிப்பொருளின் பெயரைக் கொடுத்து, அதைப் பற்றி எப்படித் தேடுவது என்று நூலகரையே சொல்லித்தரச் சொல்வோம். தேடத் தெரியாத பிள்ளைக்கு நிறைந்த அலமாரியும் வெறும் சுவர்தான்.

என் அத்தாவின் கடைக் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் பற்று ஏறிய பக்கங்கள் நிறைய. அந்தப் பக்கங்களுக்குக் காரணமான எண்ணை யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று நான் தெரிந்துகொண்டது ஒரு நூலகத்தில்தான், நாற்பது வயதுக்குமேல். நம் பேரப்பிள்ளைகளுக்கு அது பதினேழு வயதில் தெரியட்டும். நாம் போன பிறகும் நின்று பயன் தரும் தர்மத்தை ஸதகத்துல் ஜாரியா என்கிறோம். இந்தச் சங்கம் நூறாவது ஆண்டு விழாக் காணும்போதும் அந்த நூலகத்துக்குச் சந்தா போய்க்கொண்டிருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.